மண்டூர்ப் பாதையும் ரென்ஃப்ரூ பாலமும்

2025 மே மாதம் ஸ்கொட்லாந்தில், கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில், கிளைட் ஆற்றின் மேல் ரென்ஃப்ரூ பாலத்தைத் திறந்தார்கள். திறந்த கொஞ்ச நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். கப்பல் வந்தால் இரண்டாக விலகி வழிவிடுகிற பாலம். பிள்ளைகள் சைக்கிளில் ஓடினார்கள், வயதானவர்கள் நாயோடு நடந்தார்கள். நடுப்பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மகள் பயந்துபோனாள். "ஒண்டுமில்ல, காத்து" என்று சொல்லிச் சமாளித்தேன்.

மட்டக்களப்பு வாவியில் குருமண்வெளித் துறையில் நின்று மண்டூருக்குப் பாதை ஏறினவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாவியைக் கடக்கிற தட்டைப் படகைத்தான் எங்கள் பக்கம் பாதை என்போம். சின்னக் கதிர்காமம் என்கிற மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்கு அம்மா வெள்ளைச்சேலையும் கையில் அருச்சனைத் தட்டுமாக நிற்பா. மோட்டார் சைக்கிள், நெல்மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஒரே பலகைத் தட்டில். காற்று எதிராக அடித்தால் பாதை நடு வாவியில் தவண்டு தவண்டு போகும். இரவில் மண்டூர் இருக்கிற மேற்குக் கரையான படுவான்கரையில் ஒருவருக்குப் பாம்பு கடித்தால் துறையில் நின்று கூப்பிட வேண்டும். "ஒரு பாலம் போட்டாக் காணும்" என்று அப்பா ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்வார். ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

ரென்ஃப்ரூவிலும் மறுகரைக்கு ஆட்களை ஏற்றுகிற சின்னப் படகுதான் ஓடியது. அப்புறம் பாலத்துக்குக் காசு எப்படி வந்தது? 2014 ஓகஸ்ட் 20ஆம் தேதி கிளாஸ்கோ வட்டாரத்துக்கு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. இலண்டன் அரசு 50 கோடி பவுண், எடின்பரோவில் இருக்கிற ஸ்கொட்லாந்து அரசு 50 கோடி, உள்ளூர்ச் சபைகள் 13 கோடி. பாலமும் அதோடு சேர்ந்த வீதிகளுமாக 11.7 கோடி பவுண் போனது. தேதியைக் கவனியுங்கள். ஸ்கொட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்ற சர்வசன வாக்கெடுப்புக்கு நாலு கிழமையும் ஒரு நாளும்தான் இருந்தது. வாக்குக்காகத்தான் கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆம் இல்லை என்று சொல்லும் உரிமை கையில் இருக்கிற சனத்தின் பேச்சு எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை அந்த மாதம் கண்ணால் கண்டேன்.

அப்போது நான் கிளாஸ்கோவுக்கு வந்து இரண்டு வருடம். பண்டகசாலையில் வேலை. தேநீர் நேரத்தில் பெட்டி அடுக்குகிறவர்கள் பார்னெட் சூத்திரம் பற்றிச் சண்டை பிடிப்பார்கள். 1970களின் கடைசியில், ஜோயல் பார்னெட் திறைசேரி அமைச்சராக இருந்தபோது வந்த கணக்கு அது. இங்கிலாந்தில் கல்விக்கோ சுகாதாரத்துக்கோ செலவு கூடினால், சனத்தொகை விகிதப்படி ஸ்கொட்லாந்துக்கும் ஒரு பங்கு தானாக வரும். ஒருவர் அதை விட்டால் ஆஸ்பத்திரி நடத்த ஏலாது என்பார். மற்றவர் வடகடல் எண்ணெயே எங்களுடையது, யாருக்கு யார் சோறு போடுகிறார் என்பார். இலங்கையிலும் மாகாணங்களுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று சிபாரிசு செய்ய ஐந்து பேர் கொண்ட நிதி ஆணைக்குழு இருக்கிறது, மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தோடு வந்தது. எங்கள் படகுத்துறையில் அதன் பெயரை ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, பிறகு தேர்தலே இல்லை.

இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்த எனக்கும் வாக்காளர் அட்டை வந்தது. பொதுநலவாய நாட்டுக்காரர், இங்கே குடியிருப்பவர், அது போதுமாம். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கதவடியிலேயே இருந்துவிட்டேன். 1983இல் இலங்கை அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் வந்தபோது, பிரிவினையை ஆதரிக்க மாட்டேன் என்று அப்பா சத்தியம் செய்து கையெழுத்து வைத்தார். அரசாங்க வாத்தியார், வேறு வழியில்லை. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யன்னலைச் சாத்திவிட்டுத்தான் பேசுவோம். அவருடைய மகனிடம் ஓர் அரசாங்கம் தபாலில் கேட்கிறது, பிரிய வேண்டுமா, நீ சொல் என்று.

செப்டெம்பர் 18. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்கு. விரலில் மை பூசுவார்கள் என்று பார்த்தேன், பென்சில்தான் தந்தார்கள். 84.6 வீதம் பேர் வாக்களித்தார்கள். 16 வயதுப் பிள்ளைகளும் வந்தார்கள். 55.3 வீதம் வேண்டாம் என்றது, கிளாஸ்கோ உட்பட நாலு சபை வட்டாரங்களில்தான் வேண்டும் என்றவர்கள் கூட. மறுநாள் காலை தோற்றவரும் வென்றவரும் ஒரே பஸ்ஸில் வேலைக்கு வந்தார்கள். ஊரடங்கு இல்லை, சுற்றிவளைப்பு இல்லை. அழுதவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தோம்.

எனக்குள் ஆறாதது வேறொன்று. இலங்கையின் கிழக்கு மாகாணத்துக்கும் ஒரு வாக்கெடுப்பு எழுதி வைத்திருந்தார்கள். 1987 ஜூலை 29 இந்திய இலங்கை ஒப்பந்தத்தில், வடக்கோடு சேர்ந்திருப்பதா தனியே இருப்பதா என்று 1988 டிசம்பர் 31க்குள் கிழக்கு மக்களிடம் கேட்பதாக. தள்ளிப்போட ஜனாதிபதிக்கு இடமும் வைத்திருந்தார்கள். வருடா வருடம் தள்ளினார்கள். 2006 ஒக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் வடக்கு கிழக்கு மாகாண இணைப்பே செல்லாது என்றது, 2007 புதுவருடத்தோடு பிரித்தாயிற்று. எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? எங்கள் விறாந்தையிலேயே மூன்று பதில் இருந்தது. அப்பாவுக்கு வடக்கோடு சேர வேண்டும். மாமாவுக்கு மட்டக்களப்பு தன்பாட்டில் இருக்க வேண்டும். கல்முனையிலிருந்து வரும், அப்பாவோடு படிப்பித்த முஸ்லிம் சேர், "சேர்த்தா நாங்க இன்னும் சிறுத்துப் போவம் மாஸ்டர்" என்பார். அம்மா மூவருக்கும் ஒரே தட்டில் பலகாரம் வைப்பா. அந்த மூன்று பேரும் ஒரே வரிசையில் நின்று வாக்குப்போடுவதை நான் பார்த்திருக்க வேண்டும். அப்பாவும் மாமாவும் இப்போது இல்லை.

இங்கேயும் இப்போது கதவு சாத்தித்தான் கிடக்கிறது. இலண்டன் சம்மதம் இல்லாமல் இன்னொரு வாக்கெடுப்பு வைக்கச் சட்டம் இயற்ற ஏலாது என்று 2022 நவம்பரில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் அன்று மதிலடியில் நின்று கொதித்தார். அவர் சொன்னதில் பாதி விளங்கவில்லை, அந்தக் கொதிப்பு விளங்கியது.

எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது, உண்மைதான். மழை பழகிவிட்டது, மகளின் ஸ்கொட்டிஷ் பேச்சும் பழகிவிட்டது. அன்று பாலத்தில் நின்று அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்து ஆற்றைக் காட்டினேன். தண்ணீரை உற்றுப் பார்த்தா. கரையில் பழைய இறங்குதுறை தெரிந்தது. படகு ஓடின கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டா:

"பாலம் கட்டக்குள்ள அந்தப் பாதைக்காரன்ட்டயும் கேட்டவனுகளா மனே?"