அப்பாவின் மாத்திரை நேரம்

மார்ச் 4, கோத்தகிரி

காலை ஆறு மணி மாத்திரை வேலை செய்ய ஏழாகிவிடுகிறது. ஒன்பதுக்குள் இறங்கியும் விடுகிறது. அடுத்த மாத்திரை வரை அப்பா நாற்காலியோடு சரி. முன்பெல்லாம் ஒரு லெவோடோபா மாத்திரை அரை நாள் தாங்கும். அது மூளைக்குள் போய், உடல் அசைய வேண்டிய டோபமைனாக மாறுகிறது. பார்க்கின்சன் நோய் முற்ற முற்ற, அந்த டோபமைனைச் சேர்த்து வைக்கிற மூளைச் செல்கள் குறைந்துபோகின்றன. ரத்தத்தில் மருந்து இருக்கும்வரைதான் இப்போது நடமாட்டம். மருந்து உச்சத்தில் இருக்கும்போது கையும் கழுத்தும் நெளியும். வருகிறவர்கள் அதைத்தான் நோய் என்கிறார்கள். அது மருந்தின் வேலை.

மார்ச் 9

மதியம் அவரைக் குழம்பு வைக்கவில்லை என்று அப்பாவுக்குக் கோபம். என்ன செய்ய? புரதமும் லெவோடோபாவும் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போக ஒரே வழியில் முட்டிக்கொள்கின்றன. அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே மாத்திரை. அவரை, பருப்பு, முட்டை எல்லாம் ராத்திரிக்கு. பகல் கொஞ்சம் தேவலாம்.

சித்தி பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்தார். அதில் இருப்பதும் லெவோடோபாதான். எவ்வளவு என்று தெரியாமல் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை.

மார்ச் 17

கோவைக்குப் போய் நரம்பியல் டாக்டரைப் பார்த்தோம். அண்ணன் ஒரே பிடியாக இருந்தான்: “ஆபரேஷன் பண்ணிடலாம், பணம் நான் தரேன்.” மூளைக்குள் மெல்லிய கம்பி, அதற்கு மின்துடிப்பு அனுப்பக் காரை எலும்புக்குக் கீழே பேட்டரி. 1987-இல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் குழு நடுக்கத்துக்காகத் தொடங்கிய முறை இது. டாக்டர் மறுத்துவிட்டார். மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்தில் அப்பா எப்படி இருக்கிறாரோ, ஏறக்குறைய அந்த நிலையை நாள் முழுக்க நீட்டத்தான் கருவி உதவுமாம். நடுக்கம் மட்டும் அதைவிடவும் அடங்கலாம். தடுமாற்றம், குழறும் பேச்சு, மறதி இவற்றுக்கு அது கைகொடுக்காது. பேச்சு இன்னும் மோசமாகவும் கூடும். அப்பாவுக்கு 76 வயது, மறதி இருக்கிறது, வீட்டில் இல்லாத ஆட்களும் கண்ணில் படுகிறார்கள். போன வருடம் வேறொரு இடத்தில் ஞாபகப் பரிசோதனைகூடச் செய்யாமல் ஆபரேஷனுக்குத் தேதி பேசினார்கள். நினைத்தாலே எரிச்சல் வருகிறது.

இன்னொரு வழி, வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியாகச் சிறுகுடலுக்கே லெவோடோபா ஜெல்லை விடுவது. அமெரிக்காவில் 2015-இல் அனுமதித்தார்கள். அந்த மருந்து ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் கரண்ட் இருக்கும் லட்சணம் தெரிந்ததுதான்.

மூன்றாவது, டோபமைன் மாதிரியே வேலை செய்யும் அபோமார்ஃபின் மருந்தைத் தோலுக்கடியில் செலுத்தும் சின்ன பம்ப். குமட்டல் வரும், பிரமையும் கூடலாம். அதனால் உடனே வேண்டாம் என்றார். நடுக்கத்துக்கென்று பல வருடமாகப் போட்டுவரும் ட்ரைஹெக்ஸிபெனிடிலை முதலில் மெதுவாகக் குறைக்க வேண்டும். வயதானவர்களுக்கு அதுவே புத்தியைக் குழப்பும். லெவோடோபாவைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுக்கச் சொன்னார். கூடவே, லெவோடோபா சீக்கிரம் இறங்காமல் தாங்க என்டகபோன் மாத்திரை.

மார்ச் 26

என்டகபோனால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தும் பயந்துவிட்டார். பிரமை குறைந்த மாதிரி இருக்கிறது, உறுதியாகச் சொல்ல இன்னும் நாளாகும். வாசல்படியில் கால் ஒட்டிக்கொள்கிற இடத்தில் தரையில் கலர் டேப் ஒட்டினேன். கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் எழும்புகிறது!

ராத்திரி அண்ணன் போனில் பம்ப் பற்றிக் கேட்டான். தினமும் ஊசி மாட்ட வேண்டும், இடம் மாற்றிக் குத்த வேண்டும், தோலில் கட்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். நர்ஸ் வைக்கலாமே என்றான். காலை ஆறு மணிக்கு, இந்தப் பனியில், எங்கள் தோட்டத்து வீட்டுக்கு யார் ஏறி வருவார்கள்? டாக்டர் சரி என்றால் லீவு போட்டு வந்து நீயும் கற்றுக்கொள் என்றேன். யோசித்துச் சொல்கிறானாம்.