வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை

போன மார்கழியில் ஒரு ராத்திரி. கோத்தகிரியில் புல்லெல்லாம் உறைபனி விழுந்து, விடிந்தால் உப்பைக் கொட்டிய மாதிரி வெளுத்துக் கிடக்கிற வாரம். வீட்டில் எல்லோரும் குல்லாவும் இரட்டைக் கம்பளியுமாகச் சுருண்டு கிடக்க, நான் இரண்டரை மணிக்குப் பின்கதவைத் திறந்துவிட்டு வாசற்படியில் நின்றேன். நெஞ்சிலிருந்து கிளம்பிய சூடு கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறியது. நைட்டி முதுகோடு ஒட்டிவிட்டது. மகன் எழுந்து வந்து, "என்னம்மா, இந்தக் குளிர்ல?" என்றான். "மாத்திரைச் சூடுடா, இப்பப் போயிடும்" என்றேன். ஐந்து நிமிடத்தில் போனது. அப்புறம் பல் கிட்டிக்கொள்ளும் குளிர்.

மாத்திரையின் பெயர் டமாக்சிஃபென். 20 மில்லிகிராம், தினமும் ஒன்று. மார்பில் கட்டி எடுத்த பிறகு வந்த ரிப்போர்ட்டில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று இருந்தது. மார்பகப் புற்றுநோய் பத்தில் ஏழு இந்த வகைதான். புற்றுச் செல்லுக்குள் ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோனுக்கான ஏற்பி இருக்கும், 'ஈ.ஆர்.' என்பது அதுதான். ஹார்மோன் வந்து அதில் உட்கார்ந்தால் செல் பெருகும்.

மேட்டுப்பாளையம் பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, மார்பகத்தில் டமாக்சிஃபென் செய்வது அதுதான். சீட்டில் துண்டு கிடக்கிறது, ஈஸ்ட்ரோஜெனுக்கு உட்கார இடமில்லை. முப்பது வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவள் நான், இந்த அளவு எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது. பிடிபடாமல் போனது ஒன்று உண்டு: உடம்பின் வேறு இடங்களில் அந்தத் துண்டே ஆள் மாதிரி எழுந்து வேலை பார்க்கும்.

பங்குனியில் லேசாக உதிரம் பட்டது. மாதவிலக்கு நின்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது. உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தேன். நின்றது, மறுபடி வந்தது. இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்த இடத்தில் உடம்பு சூடாகும் என்று சொன்னார்கள், கர்ப்பப்பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருந்துச் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த இரண்டு மாதம் வீணாகியிருக்காது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்திருந்தது, பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சி ஒன்றும் இருந்தது. அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒன்பது நாள். புற்று இல்லை என்று வந்தது. அந்த ஒன்பது நாளும் நான் சமையலறையில் நின்ற நேரத்தைவிட சாமி அறையில் உட்கார்ந்திருந்த நேரம் அதிகம்.

ஒரே மாத்திரை ஓரிடத்தில் தடுக்கவும் இன்னோர் இடத்தில் வளர்க்கவும் எப்படி முடிகிறது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். காகிதத்தில் படம் போட்டே காட்டினார். ஏற்பியில் எது வந்து உட்காருகிறதோ, அதற்குத் தக்கபடி ஏற்பியின் வடிவம் மாறுகிறது. மாறிய வடிவத்தோடு சில துணைப் புரதங்கள் வந்து ஒட்டும். ஜீனை முடுக்கிவிடுகிற புரதம் உண்டு, அடக்கி வைக்கிற புரதமும் உண்டு. மார்பகச் செல்லில் அடக்குகிற பக்கம் வலுக்கிறது, கர்ப்பப்பை உட்சுவரில் முடுக்குகிற பக்கம். மூளையில் மறுபடி தடுப்பு, அதனால்தான் நடுராத்திரிச் சூடு. மாதவிலக்கு நின்றவர்களின் எலும்பில் ஈஸ்ட்ரோஜென் மாதிரியே நடந்து தேய்மானத்தைக் குறைக்கிறது. என் எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருந்ததால்தான் எனக்கு இதைக் கொடுத்தார்களாம்.

இந்த மருந்து பிறந்த கதையும் அப்படித்தான். 1962இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் இதை உருவாக்கினார். கருத்தடைக்கு ஆகும் என்று எதிர்பார்த்தார்கள். எலியில் பலித்தது, பெண்களிடம் நேர்மாறாகக் கருமுட்டை வெளிவரத் தூண்டியது. 1973இல்தான் அங்கே மார்பகப் புற்றுக்கு அனுமதி கிடைத்தது. கருத்தடைக்கு உதவிய உறவுக்கார மருந்தை நம் லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிற 'சாயா' மாத்திரை அதுதான். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று.

எங்கள் சரிவில் கீழ் வீட்டு அக்காவுக்கும் இதே வியாதி. ஆனால் அவருக்கு லெட்ரோசோல். "ஒரே வியாதிதானே டீச்சர், உங்களுக்கு வெள்ளை மாத்திரை, எனக்கு மட்டும் ஏன் மஞ்சள்?" என்று கேட்டார். என் மாத்திரை பஸ் சீட்டில் துண்டு போடுகிறது, உங்கள் மாத்திரை அந்த சீட் பக்கமே போகாது அக்கா, ஆள் வீட்டை விட்டே கிளம்பாமல் பார்த்துக்கொள்ளும் என்றேன். சினைப்பை ஓய்ந்த பிறகும் கொழுப்பில் அரோமடேஸ் என்ற நொதி கொஞ்சம் ஈஸ்ட்ரோஜென் தயாரித்துக்கொண்டிருக்கும். லெட்ரோசோல் அந்த நொதியை நிறுத்துகிறது. அதனால் அவருக்கு என்னைப் போலக் கர்ப்பப்பை தடிக்கிற பயம் இல்லை. ஆனால் எலும்புக்குக் காவலும் இல்லை, மூட்டும் வலிக்கும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர் அவர். காலையில் விரல் மடங்குவதில்லை. வெந்நீரில் கையைப் போட்டு, ஒவ்வொரு விரலாக நீவிவிட்டுத்தான் கூடையை எடுக்கிறார். கால்சியம் மாத்திரையை அவர் விட்டுவிட்டிருந்தார், நான் சண்டை போட்டுத் திரும்பச் சாப்பிட வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். சூட்டுக்காக வேறொரு இடத்தில் எனக்குப் பராக்சிடின் எழுதினார்கள். மெடிக்கல் ஷாப்பில் இருந்த பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க டமாக்சிஃபென் சாப்பிடறீங்களே, டாக்டரைக் கேட்டுட்டு வாங்கம்மா" என்று கொடுக்க மறுத்தாள். டமாக்சிஃபெனை வலுவான வடிவத்துக்கு மாற்றுகிற கல்லீரல் நொதியைப் பராக்சிடின் தடுத்துவிடுமாம். டாக்டரம்மா வேறு மருந்து மாற்றிக் கொடுத்தார். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

இப்போது செக்கப்புக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே போகிறோம். டமாக்சிஃபென் கல்லீரலில் கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது, ஆனால் காலில் ரத்தம் உறைகிற வாய்ப்பைக் கூட்டுகிறது. அதனால் மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் அடுத்த பஸ்ஸுக்கு ஓடாமல் நிலையத்தை இரண்டு சுற்று நடப்போம். அக்கா என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, புடவையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, இரண்டு கெண்டைக்காலையும் அழுத்திப் பார்ப்பார். "வீக்கம் இல்ல டீச்சர், வாங்க" என்பார்.