பத்து ரூபாய்க்குக் கொலையாளி

எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. மூடியில் கத்தியால் கீறி ஓட்டை போட்டு, "சஸ்பென்ஸை உடைத்தால் ரூ.10" என்று எழுதி ஒட்டியிருக்கிறான் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன். சட்டம் வீட்டில் உள்ள ஐந்து பேருக்கும் பொது. ஆனால் இதுவரை அதில் காசு போட்டவர் அப்பா ஒருவர்தான்.

அப்பாவுக்கு 77 வயது. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்து வளர்ந்தவர். பழைய படம் எது ஓடினாலும் பெயர் போடும்போதே, "கடைசியில இவன் செத்துடுவான்" என்பார். சரி, அதெல்லாம் பார்த்த படம், மன்னித்துவிடலாம். அன்று காலையில்தான் ஓடிடியில் வந்த படத்துக்கும் அதே கதிதான். "இவ்வளவு பெரிய நடிகனை டீ கொண்டு வந்து கொடுக்கவா கூப்பிட்டிருப்பான்? இவன்தான் கொலைகாரன்." பத்துக்கு எட்டு தடவை சரியாக இருக்கும். அதுதான் எரிச்சல்.

பாட்டில் வைத்த முதல் நாள், அப்பா ஒரு ஐம்பது ரூபாய் நோட்டை மடித்து உள்ளே போட்டுவிட்டு, "அஞ்சு படத்துக்கு அட்வான்ஸ்" என்றார்.

2020இல் ஊரடங்கில் தியேட்டரெல்லாம் மூடிக் கிடந்தபோது, 'பொன்மகள் வந்தாள்' நேரே ஓடிடியில் வந்ததே, அன்று தொடங்கியது எங்கள் வீட்டில் இந்தக் கூட்டுக் குடும்ப சினிமா. ஒரு மணி நேரம் ஓடியதும் அப்பா எழுந்து, "என்னடா, இன்டர்வெல்லே விட மாட்டேங்கிறான்?" என்று கேட்டார். அன்றிலிருந்து எந்தப் படமானாலும் பாதியில் நிறுத்திப் பதினைந்து நிமிடம் இடைவேளை. வெங்காய பக்கோடா அம்மா உபயம். மகனுக்கு இது பெரிய கொடுமை. அவன் தனியாக இருந்தால் எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிற ஆள்.

போன ஞாயிற்றுக்கிழமை எதைப் பார்ப்பது என்று முக்கால் மணி நேரம் ரிமோட்டைத் தேய்த்தோம். (ஆயிரம் படம் கையில் இருக்கும்போதுதான் பார்க்கப் படமே இல்லாமல் போகிறது.) நான்தான் 'அந்த நாள்' போடலாம் என்றேன். 1954இல் ஏவி.எம். எடுத்த படம். யூடியூபில் கிடைக்கிறது.

"ப்ளாக் அண்ட் வொயிட்டா?" என்று முகம் சுளித்தான் மகன். சிவாஜி முதல் காட்சியிலேயே சுடப்பட்டுச் செத்துவிடுவார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு பாட்டு கிடையாது, ஒரு டான்ஸ் கிடையாது என்றதும் போனைக் கீழே வைத்தே விட்டான்.

"டைரக்டர் எஸ்.பாலசந்தரா? வீணை வாசிப்பாரே, அவரா?" என்றாள் அம்மா. அவரேதான். அவ்வளவு பெரிய வீணை வித்வான், படம் எடுக்கும்போது பாட்டே வேண்டாம் என்று விட்டுவிட்டார். தினமும் அல்வா கிண்டுகிறவன் வீட்டுக்கு வந்தால் மிக்சர் கேட்பானே, அந்த மாதிரி இருக்கும்.

படம் ஆரம்பித்தது. ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943. சிவாஜி மார்பில் குண்டு வாங்கிச் சரிகிறார். சத்தம் கேட்ட பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை பதறிக்கொண்டு போலீசிடம் ஓடுகிறார். அப்பா சட்டைப் பையில் கைவிட்டார்.

"மாமா, வேண்டாம் மாமா" என்றாள் என் மனைவி.

பத்து ரூபாய் பாட்டிலுக்குள் விழுந்தது. "இந்தப் பக்கத்து வீட்டுக்காரன்தான்" என்றார் அப்பா. "நான் பன்னண்டு வயசுலயே பார்த்துட்டேன்."

அவ்வளவுதான். அம்மா கீரை ஆய எழுந்து போனாள். மனைவி துணி மடிக்க ஆரம்பித்தாள். மகன் மட்டும் போனைத் தடவிக்கொண்டே அரைக் கண்ணால் பார்த்தான். சிஐடியாக வரும் ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவராக விசாரிக்க, ஆளாளுக்கு இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். அப்பா மட்டும், "பாரு, எப்படி முழிக்கிறான் பாரு" என்று சின்னையா பிள்ளையை விடாமல் துரத்திக்கொண்டிருந்தார்.

கடைசி இருபது நிமிடத்தில் கதை திரும்பியது. முதலில் மகனின் போன் கீழே போனது. பிறகு அம்மா கையில் கீரைக்கட்டோடு வாசற்படியில் வந்து நின்றாள். சுட்டது யார் என்பதை இங்கே எழுத மாட்டேன், எனக்கும் பாட்டில் பயம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் இல்லை என்பதை மட்டும் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"படத்தை மாத்திட்டான்களா?" என்றார்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வாக்குமூலம் வெளிவந்தது. அன்று கொட்டகைக்கு அவரைக் கூட்டிப்போனது என் தாத்தா. தாத்தாவுக்குப் படம் என்றால் பாட்டுதான். இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்து பார்த்து, ஒரு கட்டத்தில், "பாட்டே இல்லாம என்னடா படம்" என்று வேட்டி மணலைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டார். வயல் வழியே இருட்டில் நடக்கும்போது அப்பா, "யாருப்பா சுட்டது?" என்று கேட்டிருக்கிறார். "அந்தப் பக்கத்து வீட்டுக்காரன்தான், மூஞ்சியப் பார்த்தாலே தெரியல?" என்றாராம் தாத்தா.

"அந்தச் சமயம் உங்க தாத்தாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வரப்புத் தகராறு. பேச்சுவார்த்தையே கிடையாது" என்று கீரைக்கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள் அம்மா. மாமனார் சொத்து விவரம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அறுபத்தைந்து வருஷமாக ஓர் அப்பாவி மேல் கொலைப்பழி. அதுவும் வரப்புக்காக.

"அப்ப தாத்தா, நீங்க இதுவரைக்கும் கதை சொன்ன மத்த படமெல்லாம்?" என்று இழுத்தான் மகன். "எல்லாத்துலயும் கிளைமாக்ஸ் வரைக்கும் இருந்தீங்களா?"

அப்பா பதில் சொல்லவில்லை. எழுந்து போய் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தார். உள்ளே விரலை விட்டுத் துழாவி, மேலாகக் கிடந்த பத்து ரூபாயை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சஸ்பென்ஸை உடைச்சாத்தானேடா ஃபைன்? நான் எங்க உடைச்சேன்?"