மாட்டுக் கொம்பில் ஒரு மருந்துக் குடுவை

குழல்வாய் வழியே வெடிமருந்து கிட்டித்துச் சுடும் துப்பாக்கிகளின் காலத்தில், கருமருந்தை ஈரம் படாமல் சுமந்து செல்ல மாட்டுக் கொம்பு பெரிதும் பயன்பட்டது. அது எடை குறைந்தது, நீர் புகாதது, உரசினாலும் தீப்பொறி எழுப்பாதது.

கொம்பை நீரில் கொதிக்க வைத்தால் உள்ளிருக்கும் எலும்புத் தண்டு தளர்ந்து கழன்றுவிடும். நுனியை அறுத்து, உட்குழிவை எட்டும் வரை மெல்லிய துளையிட வேண்டும். குழிவு எங்கே முடிகிறது என்பதை ஒரு கம்பியை உள்ளே விட்டு முன்பே அளந்துகொள்வது நல்லது, ஏனெனில் துளை பக்கவாட்டில் வெளிப்பட்டால் கொம்பு வீணாகிவிடும். அகன்ற வாய் பெரும்பாலும் சரியான வட்டமாக இருப்பதில்லை. நகத்தைப் போலவே கெரட்டினால் ஆன கொம்பு, கொதிநீரில் இளகும்; அப்போது கூம்பு வடிவ மரக்கட்டையை உள்ளே அழுத்தி, ஆறும் வரை விட்டுவைத்தால் வாய் வட்டமாகிவிடும். பிறகு மர அடைப்பைப் பொருத்தி, சுற்றிலும் சிறு மர ஆணிகளை அறைந்து, இடுக்குகளை உருக்கிய தேன்மெழுகால் மூடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை சுரண்டுவதுதான். கத்தி அலகை நிமிர்த்திப் பிடித்துப் பொறுமையாக மெலிதாக்கினால், வெளிர்நிறக் கொம்பில் ஒளி ஊடுருவி, உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதுகூடத் தெரியும். அந்தத் தூள் மூச்சில் ஏறக் கூடாது என்பதால் முகக்கவசம் அவசியம். நுனிக்கு ஒரு மரத் தக்கையும் தோளில் மாட்டத் தோல் வாரும் போதும்; செதுக்கல் வேலைப்பாடு இல்லாத கொம்பையே நான் விரும்புகிறேன்.