மெட்டல் டிடெக்டரும் கிணற்றடித் தோடும்

போன வருடம் இங்கிலாந்தில் கென்ட் பக்கம் இருக்கும் அக்கா வீட்டில் மூன்று மாதம் நின்றேன். ஞாயிறு என்றால் அத்தான் மெட்டல் டிடெக்டரோடு வயலுக்குக் கிளம்பிவிடுவார். முதல் நாள் கருவியைக் கையில் தரவில்லை. காணிக்காரர் கையெழுத்திட்ட கடிதத்தைக் காட்டி, "இது இல்லாமல் வரம்பிலும் கால் வைக்கக் கூடாது" என்றார். அரசு பாதுகாக்கும் பழைய இடங்களில் அனுமதி இல்லாமல் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளி நகை கிடைத்தால் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் கொரோனருக்கு அறிவிக்க வேண்டும். நம் ஊரில் மரண விசாரணை அதிகாரி என்கிறோமே, அங்கே அவர்தான் புதையலையும் விசாரிக்கிறார்.

அப்புறம்தான் கருவி கைக்கு வந்தது. கருவியின் அடித்தட்டை நிலத்தோடு ஒட்டி, மெதுவாக வீச வேண்டும். கை ஓய்ந்து இரண்டு பக்கமும் தூக்கினால் ஆழத்தில் கிடப்பது பிடிபடாது. ஒரு வீச்சு முந்திய வீச்சில் பாதியை மூட வேண்டும். சோடா டின்னின் வளையமும் தங்க மோதிரமும் ஏறக்குறைய ஒரே சத்தம் தரும் என்பதால் தோண்டாமல் தெரியாது. நான் அதிகம் எடுத்தது டின் வளையங்கள்தான். ஆனால் அத்தானிடம் படித்த பெரிய பாடம் கயிறு. வயலைக் கயிறு கட்டிச் சதுரமாகப் பிரித்து, ஒரு சதுரம் முடிந்த பிறகே அடுத்ததற்குப் போவார். எது எங்கே, எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதைக் கொப்பியில் எழுதுவார்.

ஊருக்கு ஒன்று கொண்டுவர எனக்கு ஆசை வந்துவிட்டது. அத்தான் "முதல் கேள், பிறகு வாங்கு" என்றார். கொழும்பில் இருக்கும் நண்பனிடம் விசாரிக்கச் சொன்னேன். பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இல்லாமல் விமான நிலையத்தைத் தாண்டாது என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வெறுங்கையோடு வந்தேன்.

யோசித்தால் அதில் வியப்பில்லை. மட்டக்களப்பில் என் வயதுக்காரர் இந்தக் கருவியை முதலில் பார்த்தது மிதிவெடி அகற்றுபவர்கள் கையில்தான். இந்த மாவட்டத்தில் அந்த வேலை முடிந்ததாக அறிவித்ததே 2017இல். இன்றைக்கும் காட்டோரம் இனம் தெரியாத இரும்பைக் கண்டால் தொடாமல் பொலிஸுக்குச் சொல்வதுதான் பழக்கம்.

ஊர் வந்த பிறகு சட்டத்தையும் படித்தேன். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தெளிவாக இருக்கிறது. மண்ணுக்குள் இன்னும் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கும் தொல்பொருள் அரசின் சொத்து. அதைத் தேடித் தோண்ட உரிமம் வேண்டும், தோண்டுவது சொந்த வளவாக இருந்தாலும். தொல்பொருள் என்பதற்கு அது வைக்கும் எல்லை 1815 மார்ச் 2, கண்டி அரசு பிரித்தானியர் கைக்குப் போன கண்டி ஒப்பந்த நாள். அதற்கு முந்தியவைதான் தொல்பொருள். கல்லடிக் கடற்கரையோ, பழைய பௌத்த விகாரை இருக்கும் திகவாபிப் பக்கமோ, காணிக்காரர் கடிதம் தந்தாலும் இங்கே செல்லாது. பழையதைத் தேடும் பொழுதுபோக்குக்கு நம் ஊரில் இடமில்லை என்றே நான் எடுத்துக்கொண்டேன். தொலைத்த சொந்தப் பொருளைத் தேடலாம், அவ்வளவுதான்.

அந்தத் தேவை வைகாசியில் வந்தது. கல்லடியில் எங்கள் கிணற்றடியில் அம்மாவின் ஒற்றைத் தோடு விழுந்துவிட்டது. அப்பா வாங்கிக் கொடுத்த சோடி. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூட்டுமாறால் கூட்டித் தேடி மணலை இன்னும் கலைத்துவிட்டார்கள்.

எல்லாரையும் வெளியே வரச் சொல்லிவிட்டுக் கயிறு கட்டினேன். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், மொத்தம் பன்னிரண்டு சதுரம். மேல் மணலை இரண்டு விரல் ஆழத்துக்கு வழித்து, மேசன் மணல் அரிக்கும் வலையில் முதலும், அம்மாவின் பழைய அரிதட்டில் பிறகும் அரித்தேன். காய்ந்த மணல் ஓடிவிடும், ஈர மணல் ஒட்டிக்கொள்ளும். அதனால் காலையில் வழித்துச் சாக்கில் பரப்பி, வெயில் ஏறிய பிறகு அரித்தேன். ஏழாவது சதுரத்தில் உடுப்புத் துவைக்கும் கல் இருந்தது. அதன் ஓரத்தில் சவர்க்காரத் துண்டோடு ஒட்டியபடி தோடு கிடந்தது. தோட்டைப் பின்னால் முடுக்கும் சுரை மட்டும் இல்லை.

சுரையைத் தேடிக் கல்லைப் புரட்டியபோதுதான் அடியில் பச்சை பிடித்த செப்புக் காசு ஒன்று வந்தது. 'வீ' எழுத்தின் இரண்டு கால்களிலும் 'ஓ'வும் 'சீ'யும் கோத்திருந்தன. ஒல்லாந்தக் (டச்சு) கிழக்கிந்தியக் கம்பெனியின் காசு. நாம் துட்டு என்கிறோமே, அந்தச் சொல்லே அவர்களுடைய 'டொய்ட்' காசிலிருந்து வந்தது என்பார்கள். தேய்க்கவில்லை, கழுவவில்லை. கிடந்த இடத்தைப் படம் எடுத்து, கிணற்றுக் கட்டிலிருந்து தூரமும் ஆழமும் அளந்து எழுதினேன்.

அம்மா பயந்துவிட்டார். "சொல்லாத மகன். தொல்பொருள் எண்டு வளவையும் எடுத்திடுவாங்கள்." அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்த பிறகு, எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லே காணிப் பிரச்சினை என்றுதான் காதில் விழுகிறது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அதே பயம். ஆனால் ஒளித்து வைத்தால் அது வெறும் செப்புத் துண்டு. கல்லடி மணலில் இந்த ஆழத்தில் கிடந்தது என்று எழுதப்பட்டால்தான் இந்த ஊரின் கதையில் அதற்கும் ஒரு வரி உண்டு. அன்றிரவு முழுக்க அம்மாவோடு இதைத்தான் கதைத்தேன்.

அறிவிப்பது எளிதாக இல்லை. முதல் போன அலுவலகத்தில் இன்னொன்றுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து திரும்ப இங்கே. ஒருவர், "நீங்கள் ஏன் தோண்டினீர்கள்?" என்று பொலிஸ் தொனியில் கேட்டார். கயிறு கட்டிய படங்களும், தேதியும் அளவும் எழுதிய கொப்பியும் இருந்ததால் பதில் சொல்ல முடிந்தது. மூன்றாவது நாள் ஓர் இளம் அதிகாரி வீட்டுக்கு வந்தார். அவர் முதலில் கேட்டது ஆழம். கொப்பியை நீட்டினேன். அரை மணி நேரம் கிணற்றடியில் குந்தியிருந்து எல்லாவற்றையும் திரும்ப அளந்தார். காசைப் பொதி செய்து எடுத்துக்கொண்டு, பற்றுச்சீட்டு எழுதித் தந்தார். வளவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தோட்டுக்குப் புதுச் சுரை போட்டாயிற்று. பற்றுச்சீட்டை அம்மா காணி உறுதியோடு சேர்த்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்.