மோங்கோடிபி டெவலப்பர் தேர்வு: டிரைவர் பகுதியை நான் படித்த விதம்

மோங்கோடிபி என்ற டேட்டாபேஸுக்கான அசோசியேட் டெவலப்பர் தேர்வை நான் பைத்தானில் எழுதினேன். எந்த மொழியின் டிரைவரை (நிரலை டேட்டாபேஸோடு இணைக்கும் நூலகத்தை) வைத்து எழுதப்போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பைத்தான், ஜாவா, நோட் ஜேஎஸ், சி ஷார்ப் என்று பல மொழிகள் உண்டு. வேலையில் தினமும் எதில் எழுதுகிறீர்களோ அதையே எடுங்கள், யாரோ சுலபம் என்று சொன்னதற்காக மாற வேண்டாம். கேள்விகளில் பெரும்பங்கு க்ரட்தான் (தரவைச் சேர்ப்பது, படிப்பது, திருத்துவது, நீக்குவது), அதற்கு மோங்கோடிபி யுனிவர்சிட்டியின் இலவசப் பாடங்களே போதும், அதனால் அதை இங்கே நீட்டவில்லை. பலரும் கடைசி நேரத்துக்குத் தள்ளிவைக்கிற டிரைவர் பகுதியைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

டிரைவரைக் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்வதில் பெரிய பயன் இல்லை. சரியாக ஓடுகிற நிரலை வேண்டுமென்றே உடைத்து, எங்கே எந்தப் பிழை வருகிறது என்று பாருங்கள். முதல் சோதனை இது: உங்கள் கணினியில் ஓடுகிற மோங்கோடி என்ற டேட்டாபேஸ் சர்வரை நிறுத்திவிட்டு, பைத்தான் டிரைவரான பைமோங்கோவில், சர்வரோடு பேசுகிற மோங்கோகிளையன்ட் ஒன்றை உருவாக்குங்கள். எந்தப் பிழையும் வராது. ஏனென்றால் கிளையன்ட் உருவாகும்போது சர்வருக்காகக் காத்திருப்பதில்லை, இணைப்பு வேலை பின்னணியில் நடக்கிறது. அப்புறம் ஒரு ஆவணத்தைத் தேடும் ஃபைண்ட்_ஒன் கொடுத்தால்தான், 30 விநாடி காத்திருந்து, சர்வர் செலக்‌ஷன் டைம்அவுட் பிழை வரும். அந்த 30 விநாடி இயல்பு மதிப்பு, சர்வர் முகவரியும் கடவுச்சொல்லும் அடங்கிய கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கிலேயே குறைத்துக்கொள்ளலாம். அதனால் நிரல் தொடங்கும்போதே ஒரு பிங் கட்டளை அனுப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அடுத்து மோங்கோடிபியின் கிளவுட் சேவையான அட்லஸில் உங்கள் ஐபி முகவரியை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு இணைத்துப் பாருங்கள், பிறகு அதைச் சேர்த்துவிட்டு கடவுச்சொல்லை மட்டும் தவறாகக் கொடுங்கள். முன்னதில் சர்வரை எட்டவே முடியாமல் டைம்அவுட் ஆகும், பின்னதில் சர்வர் பதில் சொல்லி மறுத்துவிடும். கடவுச்சொல்லில் @ இருந்தால் இன்னொரு கதை: அதை பைத்தானின் குவோட்_பிளஸ் ஃபங்ஷன் கொண்டு மாற்றாவிட்டால் கிளையன்ட் உருவாகும் இடத்திலேயே பிழை வரும், நெட்வொர்க் வரைக்கும் போகவே போகாது. இந்த மூன்றையும் கண்ணால் பார்த்தவருக்குக் கேள்வியில் விடைகளைக் குழப்பிக் கொடுத்தாலும் தடுமாற்றம் இருக்காது, வேலையிலும் நள்ளிரவில் பிழை வந்தால் எங்கே தேட வேண்டும் என்று தெரியும்.

கனெக்‌ஷன் பூல் (கிளையன்ட் திறந்து வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பு) பற்றி ஒரே விதிதான்: ஒரு ப்ராசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு) ஒரு கிளையன்ட். பூலின் உச்ச அளவு இயல்பாக 100, த்ரெட்கள் அதைத் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் ஃபோர்க் செய்த (ப்ராசஸை நகலெடுத்துப் புதிதாக ஒன்று தொடங்கிய) பிறகு பழைய கிளையன்டைப் பயன்படுத்தக் கூடாது, புதிய ப்ராசஸில் புதிதாக உருவாக்க வேண்டும். பைத்தானின் வலை ஃப்ரேம்வொர்க்கான ஃப்ளாஸ்கில் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு கிளையன்ட் திறக்கிற நிரல் இணையம் முழுக்கக் கிடக்கிறது, தயவுசெய்து அதை நகல் எடுக்காதீர்கள்! அப்படி எழுதி ஓடவிட்டு, மோங்கோடிபிக்குக் கட்டளைகளை நேரடியாகக் கொடுக்கும் மோங்கோஷெல்லில் சர்வர்ஸ்டேட்டஸ் காட்டும் கனெக்‌ஷன் எண்ணிக்கையைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

ஷெல்லில் பழகியவர்கள் தொடரியலில் கவனமாக இருக்க வேண்டும். ஷெல்லில் அப்டேட்ஒன், பைமோங்கோவில் அடிக்கோட்டோடு அப்டேட்_ஒன், கீகளுக்கு மேற்கோள் குறி கட்டாயம், ட்ரூ என்பதில் முதல் எழுத்து பெரியது. சின்ன விஷயம்தான், ஆனால் நான்கு விடைகளில் இரண்டை இதை வைத்தே கழித்துவிடலாம்.

திரும்பி வரும் ரிசல்ட் பொருள்களை ஒவ்வொன்றாக பிரின்ட் செய்து பாருங்கள். ஒரு ஃபீல்டில் ஏற்கெனவே இருக்கும் மதிப்பையே மறுபடி $செட் செய்தால் மேட்ச்ட்_கவுண்ட் (பொருந்தியவை) 1, மாடிஃபைட்_கவுண்ட் (மாறியவை) 0. ஃபைண்ட் முடிவுகளை ஒவ்வொன்றாக எடுக்க உதவும் கர்சரைத் தரும், ஃபைண்ட்_ஒன் டிக்‌ஷனரியையோ ஒன்றும் கிடைக்காவிட்டால் நன் (None) என்ற வெற்று மதிப்பையோ தரும். இன்செர்ட்_ஒன்னுக்கு நீங்கள் கொடுத்த டிக்‌ஷனரியில் ஆவணத்தை அடையாளம் காட்டும் _ஐடி இல்லையென்றால் பைமோங்கோ அதிலேயே ஒன்றைச் சேர்த்துவிடுகிறது, அதனால் அதே டிக்‌ஷனரியை இன்னொரு முறை கொடுத்தால் டூப்ளிகேட் கீ பிழை வரும். _ஐடியை வெறும் ஸ்ட்ரிங்காகக் கொடுத்துத் தேடினால் டிரைவர் உருவாக்கிய ஆப்ஜெக்ட்ஐடி வகை மதிப்போடு பொருந்தாது, பிழையும் வராது, வெறுமனே ஒன்றும் கிடைக்காது. இந்தக் கடைசி விஷயம் புதியவர்களின் நேரத்தை எவ்வளவோ தின்றிருக்கிறது.

ட்ரான்சாக்‌ஷனுக்குத் (பல செயல்களை ஒன்றாக நிறைவேற்றுவது அல்லது ஒன்றாக ரத்து செய்வது) தனி சர்வர் போதாது, ஒரே தரவின் நகல்களை வைத்திருக்கும் சர்வர்களின் குழுவான ரெப்ளிகா செட் வேண்டும். அட்லஸின் இலவச கிளஸ்டரே அப்படித்தான் இருக்கிறது, அதில் பழகலாம். வித்_ட்ரான்சாக்‌ஷனுக்குள் ஓடும் ஒவ்வொரு செயலுக்கும், அது இதைச் சேர்ந்தது என்று காட்டும் செஷனைக் கொடுத்தாக வேண்டும். ஒன்றில் மட்டும் விட்டுவிட்டு, நடுவே பிழையை எழுப்பிப் பாருங்கள்: டேட்டாபேஸில் எழுதிய மற்ற மாற்றங்கள் எல்லாம் ரத்தாகி, செஷன் இல்லாத அந்த ஒன்று மட்டும் டேட்டாபேஸில் அப்படியே இருக்கும்.