அப்பாவின் கண்ணுக்கு வந்த ரிப்போர்ட்

அப்பாவின் இடது கண்ணில் ஒரு ஓரமாக நிழல் விழத் தொடங்கியது. வெண்புரையாக இருக்கும், வெள்ளாமை வெட்டு முடியட்டும் என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டார். படுவான்கரையில் வயல் வைத்திருக்கிறவர்களுக்கு வெட்டு முடியும்வரை உடம்பே கிடையாது. மட்டக்களப்பில் கண்ணைப் பார்த்த டொக்டர் உடனே ஸ்கான் எழுதினார். விழித்திரைக்குப் பின்னால் கருநிறக் கட்டி, உயரம் 11 மில்லிமீற்றர். கண்ணுக்குள் வரும் மெலனோமா, நிறக் கலங்களில் தொடங்கும் ஒரு புற்றுநோய். வெள்ளைக்காரர்களுக்கு வருகிற அளவுக்கு நம்மவர்களுக்கு வருவதில்லையாம். கட்டி சிறிதென்றால் கதிர்வீச்சுத் தகட்டைக் கண்ணில் தைத்து வைப்பார்கள். இதற்குக் கண்ணையே எடுக்க வேண்டும் என்றார்கள்.

இரவுக் கோச்சியில் கொழும்புக்குப் போய், கண்ணை எடுத்து, ஒரு கிழமைக்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அதெல்லாம் நினைத்ததைவிடச் சுலபம். என்னை அலைக்கழித்தது, எடுத்த கண்ணைப் பரிசோதித்து அதற்குப் பிறகு வரவேண்டிய ரிப்போர்ட்தான். முதல் முறை போனபோது வரவில்லை என்றார்கள். இரண்டாம் முறை அது வேறொருவரின் ஃபைலுக்குள் கிடந்தது. ஒன்றரைப் பக்க ஆங்கிலம். எனக்கு விளங்கியது ‘கலப்புக் கலங்கள்’ என்ற ஒரு வரி மட்டும். அதை வைத்துக்கொண்டு வாசலில் நின்றபோது, கல்முனைப் பக்கத்து நோயியல் டொக்டர் ஒருவர் உள்ளே கூப்பிட்டு, இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடைக் காட்டினார். அந்த அரை மணித்தியாலத்தை நான் மறக்கவில்லை.

நூல் நூற்கும் கதிர்போல் இரு முனையும் கூர்ந்த கலங்கள் ஒரு பக்கம். அவை அவ்வளவு மோசமில்லை. இன்னொரு பக்கம் வட்டமாக, பெரிய கருவோடு உருண்ட கலங்கள். இவைதான் கெட்டவை. 1931இல் கலெண்டர் என்பவர் இப்படி வடிவத்தை வைத்து வகை பிரித்தாராம். ஆனால் பெரும்பாலான கட்டிகளில் இரண்டும் கலந்தே கிடக்கும். ஒரே ஸ்லைடை இரண்டு நிபுணர்கள் பார்த்தால் இரண்டு விதமாகச் சொல்லவும்கூடும். அதனால்தான் பிறகு கேமல், மக்லீன் போன்ற ஆய்வாளர்கள் கண் மதிப்பை விட்டு அளக்கத் தொடங்கினார்கள். கருவுக்குள் இருக்கும் புன்கருவின் பரப்பை அளந்து, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்று கணக்குப் பார்த்தார்கள். அப்புறம் இன்னும் சுலபமான ஒரு வழி வந்தது: மிகப் பெரிய 10 புன்கருக்களின் விட்டத்தின் சராசரி. அது கூடக்கூட நோய் பரவி உயிரிழக்கும் வாய்ப்பும் கூடுகிறது. மில்லிமீற்றரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுள்ள ஒரு புள்ளியில் இவ்வளவு விஷயம்.

எங்கள் ரிப்போர்ட்டில் அந்த அளவு இல்லை. வழமையாக எழுதுவதில்லையாம், ஆராய்ச்சிக்குத்தான் அதிகம் செய்கிறார்கள். வெளிநாடுகளில் இப்போது கட்டியின் கலங்களில் சோடியாக இருக்கவேண்டிய 3ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) ஒன்று இழக்கப்பட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்களாம். அதுவும் அப்பாவுக்குச் செய்யவில்லை.

“அப்ப எத்தனை வருசம் எண்டு சொல்லேலாதா டொக்டர்?” என்று கேட்டேன்.

“நூறு பேரில் எத்தனை பேர் எண்டு சொல்லலாம். உங்கட அப்பா அதில எந்த ஆள் எண்டு இந்த ஸ்லைட் சொல்லாது.”

எனக்குக் கோபம்தான் வந்தது. அளக்கிறீர்கள், எண்ணுகிறீர்கள், பிறகு தெரியாது என்கிறீர்கள். ஆனால் அந்தக் கணக்கு ஒன்றுக்கு உதவியது. இந்த நோய் இரத்தத்தின் வழியாகப் பெரும்பாலும் ஈரலுக்குத்தான் போகும். நீண்ட காலத்தில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்குப் பரவுகிறது. கலப்பு வகை, கட்டியும் பெரிது என்பதால் ஆறு மாதத்துக்கொரு முறை ஈரல் ஸ்கான் என்று எழுதித் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வியும் அதேதான். “எத்தின வருசமாம் புள்ள?” ஒளிக்காமல் ஸ்லைடில் கண்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “ஒரு புடி நெல்ல அள்ளிப் பார்த்திட்டு மூட்டைக்கு விலை சொல்றானுகளே, அந்தக் கணக்கு. கலப்பன் எண்டா விலை குறையும்.” அதற்கு மேல் அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

இதுவரை நாலு ஸ்கான் எடுத்தாயிற்று. ஈரல் சுத்தம். அடுத்தது மாசியில். அப்பாவுக்கு இப்போது இருக்கிற ஒரே முறைப்பாடு, காலையில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வெறுவயிற்றோடு வரச் சொல்கிறார்களே என்பதுதான்.